செவலைக்கு ஒரு சபாஷ்

நெருப்பைக் கண்டுபிடித்தது பெரிய காரியம்தான். சக்கரமும் பெரிய காரியம்தான். ஆனால் மனித குலத்தின் ஆகப் பெரிய கண்டுபிடிப்பு பாராட்டு. அது போடிநாயக்கனூருக்கு வந்துசேர ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டாம் வருஷம் ஆகியிருக்கிறது. அதுவும் நாய்க்காகத்தான் வந்திருக்கிறது.

இப்படி அன்னத்தாய் நினைத்துக்கொண்டாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. அடுக்களையில் உட்கார்ந்து ஆட்டு ஈரலைப் பொடிப்பொடியாக நறுக்கும்போது ஒரு மனுஷிக்கு இந்த மாதிரிச் சரித்திரச் சிந்தனைகள் வரும். கை ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கும். மனம் ஊரைச் சுற்றிவிட்டு வரும். ஒரு துண்டு கொண்டைக்கடலை அளவைத் தாண்டக் கூடாது என்பது கழகத்தின் தீர்மானம். தாண்டாமல் நறுக்கினாள்.

கழகம் என்றதும் யாரும் கொடி, கரை வேட்டி என்று பதற வேண்டாம். 'போடி வட்டார நாய் விளையாட்டு மற்றும் நன்னடத்தைக் கழகம்' என்ற அந்த மாபெரும் அமைப்பில் மூன்று மனிதர்களும் ஒரு நாயும் இருந்தார்கள். தலைவர் வைகுண்டராஜ், ஏலக்காய் வியாபாரி, அன்னத்தாயின் கணவர். செயலாளர் ஜெபமணி, ஓய்வு பெற்ற இங்கிலீஷ் வாத்தியார். பொருளாளர் மொக்கைச்சாமி, மாட்டுத் தரகர். கழகத்திடம் பொருள் எதுவும் இல்லாததால் அந்தப் பதவியை அவர் அப்பழுக்கில்லாத நேர்மையோடு வகித்துவந்தார். நாய்க்குப் பதவி இல்லை. வேலை மட்டும் இருந்தது.

எல்லாவற்றையும் தொடங்கிவைத்தது ஒரு சின்னப் புத்தகம். வைகுண்டராஜின் தம்பி பொன்னுராஜ் லண்டனில் ஒரு மளிகைக் கடையில் இருந்தான். லீவில் வந்தவன் அண்ணனுக்கு ஒரு கம்பளியும் மதினிக்கு ஒரு நைலக்ஸ் சேலையும் கொடுத்து, படம் போட்ட இந்தப் புத்தகத்தையும் வைத்துவிட்டுப் போனான். படத்தில் வெள்ளைக்காரர்களின் நாய்கள் கட்டையைத் தாண்டின. குழாய்க்குள் புகுந்து மறுபக்கம் வந்தன. வரிசையாக நட்ட கம்புகளுக்கு இடையே வளைந்து வளைந்து ஓடின. ஏறினால் சாயும் பலகையில் ஏறி இறங்கின. அடி கிடையாது, மிதி கிடையாது, சங்கிலி கிடையாது. நாய் சரியாகச் செய்த இரண்டு விநாடிக்குள் ஒரு நல்ல வார்த்தை, ஒரு வாய் தீனி. வித்தை அவ்வளவுதான்.

வைகுண்டராஜ் அந்தப் படங்களை மூன்று நாள் பார்த்தார். நான்காம் நாள், "ஏப்பா மொக்கைச்சாமி, வெள்ளைக்காரன் நாய் தாண்டுறப்ப நம்ம கோம்பை நாய் தாண்டாதா?" என்று கேட்டார். கழகம் பிறந்த வரலாறு இதுதான். இதைவிடச் சின்னக் காரணத்துக்கெல்லாம் நாடுகளே பிறந்திருக்கின்றன.

ஏலக்காய் மூட்டைகள் அடுக்கிவைக்கும் கிட்டங்கிக்குப் பின்னால் மிளகு காயப்போடும் களம் விளையாட்டு மைதானம் ஆயிற்று. அழிந்துபோன திராட்சைப் பந்தலிலிருந்து கல்தூண்கள் வந்தன. மரக்கடையிலிருந்து பலகை வந்தது. தெருவோரம் மூன்று வருஷமாக யாரும் உரிமை கொண்டாடாமல் கிடந்த சிமெண்ட் குழாய் ஒன்று, தான் எதற்காகப் பிறந்தோம் என்று கடைசியில் தெரிந்துகொண்டு உருண்டு வந்தது.

முதல் கூட்டத்தில் ஜெபமணி சார் புத்தகத்தை வேதம் வாசிக்கிற மாதிரி இரண்டு கைகளிலும் ஏந்தி மொழிபெயர்த்தார். ஏழாம் பக்கம் வந்ததும் குரல் தழுதழுத்தது.

"'மிருகம் மறுத்தால் குற்றம் மிருகத்தினுடையது அன்று, பயிற்றுநருடையது.' என்ன வாக்கியம்! என்ன வாக்கியம், அண்ணாச்சி!"

அந்த வாக்கியத்தில் வைகுண்டராஜ் சொக்கிப்போனார். மறுநாளே போர்டு எழுதுகிறவரை வரவழைத்துக் கிட்டங்கியின் பின்சுவரில் முழ உயர எழுத்தில் அதை எழுதிவைத்தார். அடியில் 'பக்கம் 7, வரி 3' என்று போட்டே ஆக வேண்டும் என்று ஜெபமணி சார் நின்றுவிட்டார். ஆதாரம் இல்லாத வசனத்தை அவர் ஒப்புக்கொள்வதில்லை. அந்தச் சுவர் அடுக்களைக் கதவுக்கு நேர் எதிரே இருந்தது. ராயப்பன்பட்டி பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்த அன்னத்தாய், சோறு பொங்கும் நேரத்திலெல்லாம் அதை வாசித்துக்கொண்டிருந்தாள். எழுதிவைத்தவர் அதற்குப் பிறகு அதைத் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. சுவரில் எழுதிவிட்டால் மனதில் வைத்துக்கொள்ளும் சிரமம் இல்லை அல்லவா?

இனி நாய். பெயர் செவலை. நாலு வருஷமாகக் கிட்டங்கிச் சங்கிலியில் கிடந்த கோம்பை நாய். வாய் கறுப்பு, மேனி செம்மண். அதுவரை மூன்று பேரைக் கடித்திருந்தது. அதில் இரண்டு பேர் வைகுண்டராஜின் பங்காளிகள் என்பதால் அதன் நன்னடத்தை பற்றிக் கழகத்துக்கு ஐயம் எழவில்லை. அதன் பெயரை 'பிரின்ஸ்' என்று மாற்றும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நாய் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. அதனால் கடைசிவரை அது செவலையாகவே இருந்தது.

லண்டன் புத்தகம் எழுதாமல் விட்ட சங்கடம் ஒன்று முதல் நாள் காலையிலேயே வந்தது.

ஏலக்காய் வியாபாரியின் நாக்கு சாதாரண நாக்கு அல்ல. முப்பது வருஷமாக வைகுண்டராஜ் மலையிலிருந்து இறங்கிய காயைக் கையில் அள்ளுவார், மோந்து பார்ப்பார், ஒன்றைக் கடித்துப் பார்ப்பார், பிறகு முகத்தைச் சுளிப்பார். நிறம் இல்லை, எடை இல்லை, வெடிச்ச காய் ஜாஸ்தி. நெஞ்சுக்குள் 'அற்புதம்' என்று மணி அடிக்கும். முகம் கஷாயம் குடித்ததுபோல் இருக்கும். வாய் தவறி 'நல்ல காய்' என்று சொன்னவன் அந்த ஊரில் வியாபாரம் செய்ய முடியாது. மொக்கைச்சாமிக்கும் அதே பழக்கம்தான். லட்சணமான காளையைப் பிடித்து நிறுத்தினாலும் 'பல்லு போச்சே, சுழி சரியில்லையே' என்றுதான் ஆரம்பிப்பார். ஜெபமணி சாரோ முப்பத்தாறு வருஷ உத்தியோகத்தில் ஒரு நோட்டைக்கூடச் சிவப்பு மை படாமல் திருப்பிக் கொடுத்ததில்லை. ஆக, பாராட்டின் மூலமே பயிற்சி அளிக்க வேண்டிய கழகத்தில், பாராட்டத் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை.

செவலை அன்று காலை ஒரு ஓணானைப் பார்த்து முதல் கட்டையைத் தாண்டிவிட்டது.

"தாண்டிருச்சு! தாண்டிருச்சு!" என்றார் மொக்கைச்சாமி.

"சொல்லுங்க அண்ணாச்சி! ரெண்டு விநாடிதான் இருக்கு!" கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஜெபமணி சார் பதறினார்.

வைகுண்டராஜ் வாயைத் திறந்தார். முகம் தானாகச் சுளித்தது.

"ம்... பரவால்ல. பின்னங்கால்ல எடை போதாது."

"அண்ணாச்சி, இது பாராட்டு இல்ல."

"எனக்குத் தெரியாதா சார்? வாயில வரமாட்டேங்குது. நிறமும் கொஞ்சம் மட்டுத்தான்."

"சரி, அந்த ஈரலையாச்சும் குடுங்க."

"பொறுங்க, பொறுங்க," என்று மொக்கைச்சாமி குறுக்கே விழுந்தார். "மொதல்லயே முழுசாக் குடுத்துறாதீக. மார்க்கெட் ஏறிரும். பாதியக் குடுத்து, எம்புட்டுக்குப் படியுதுன்னு பாப்போம்."

பாதியைக் கொடுத்தார்கள். செவலை அடுத்த முறை முன்னங்கால் இரண்டை மட்டும் கட்டைக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு நின்றது. அதுவும் போடி நாய்தானே.

கையால் சைகை காட்ட வேண்டும் என்று பதினொன்றாம் பக்கம் சொன்னது. சைகை என்றதும் மொக்கைச்சாமி முன்வந்தார். சந்தையில் விலை பேசுவதே சைகையால்தானே. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையை மூடி, துண்டுக்குள் விரலை நீட்டி மடக்கினார். செவலை துண்டை மோந்து பார்த்தது. அதை இழுத்துக் கீழே போட்டு அதன் மேல் உட்கார்ந்தது.

"மலையாளத்துல பாராட்டுனா என்ன?" என்று மொக்கைச்சாமியே ஒரு வழி சொன்னார். "தமிழ்ல சொன்னாத்தான நமக்குச் சங்கடம். 'கொள்ளாம்'னு சொல்லிட்டா நம்மளக் கட்டுப்படுத்தாதுல்ல?"

இந்தச் சட்ட நுணுக்கம் எல்லோருக்கும் பிடித்தது. மூன்று பெரிய மனிதர்களும் களத்தில் வரிசையாக நின்று, "கொள்ளாம்! கொள்ளாம்!" என்றார்கள். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், மலையாள நாட்டுக்குப் போய்ப் பழக்கமில்லாத செவலை அவர்களைப் பார்த்து ஆத்திரமாகக் குரைத்தது.

அப்போதுதான் அன்னத்தாய் வறுத்த ஈரல் தட்டோடு அடுக்களைக் கதவைத் திறந்தாள். மணம் களத்தில் பரவியது. செவலை திரும்பியது. முதல் கட்டையைத் தாண்டியது, இரண்டாவதைத் தாண்டியது, காற்றில் அதன் செம்மண் முதுகு வில்லாக வளைந்து வெயிலில் மின்னியது.

"அட, என் ராசா! எம்புட்டு அழகாத் தாண்டுற!"

சொன்னது யார் என்று அன்னத்தாயே திரும்பிப் பார்த்தாள். அவள்தான். அந்த வார்த்தை இத்தனை நாள் உள்ளுக்குள் எங்கே இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. மகள் சண்முகத்தாய் பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போட்டியில் கோப்பை வாங்கிக்கொண்டு ஓடிவந்த அன்று, 'சரி, கையக் கழுவிட்டுச் சாப்பிடு' என்றுதான் அவளுக்குச் சொல்ல வந்தது. கண்ணு பட்டுவிடும் என்ற பயம் பாதி. பழக்கம் இல்லாதது பாதி. மகள் இப்போது ஆண்டிபட்டியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அந்தக் கோப்பையில் ரொம்ப நாளாகக் கடுகு இருக்கிறது.

செவலை தட்டையும் பார்த்தது. அவள் முகத்தையும் பார்த்தது. ஓடிப்போய் இரண்டு கட்டைகளையும் மறுபடி தாண்டிவிட்டு வந்து நின்றது.

கழகம் அவசரக் கூட்டம் கூட்டி, 'பாராட்டும் பொறுப்பு தலைவர் இல்லத்தரசியிடம் ஒப்படைக்கப்படுகிறது. அவருக்கு வியாபாரம் எதுவும் இல்லாததால் அவர் நல்ல வார்த்தை சொல்வதில் யாருக்கும் நட்டம் இல்லை' என்று பதிவு செய்தது. அவளை உறுப்பினராகச் சேர்க்கலாமா என்று ஜெபமணி சார் கேட்டதற்கு, உறுப்பினர் ஆக நாயோ கிட்டங்கியோ சொந்தமாக இருக்க வேண்டும் என்ற விதியைத் தலைவர் சுட்டிக்காட்டினார். மொக்கைச்சாமியிடமும் ஜெபமணி சாரிடமும் இரண்டும் இல்லை. அவர்களுக்கு விதிவிலக்கு அளிக்கப்பட்டது.

அதற்குப் பிறகு தினமும் காலையில், ஆண்கள் கடைக்குப் போனதும், அன்னத்தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு களத்தில் இறங்கினாள். செவ்வாய், வெள்ளியில் வீட்டில் கவுச்சி கிடையாது; அன்றைக்குத் தேங்காய்ச் சில்லு. செவலை அதையும் மனமார ஏற்றுக்கொண்டது. மூன்றே வாரத்தில் கட்டை, குழாய், பலகை எல்லாம் படிந்தன. கல்தூண்களுக்கு இடையே அது வளைந்து ஓடும்போது தறியில் நாடா ஓடுகிற மாதிரி இருந்தது. அவளும் ஒன்றைக் கற்றுக்கொண்டாள். இரண்டு விநாடிக்குள் ஒருத்தரைப் பாராட்ட வேண்டுமென்றால் அதற்கு முன்பிருந்தே அவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். யோசித்துப்பார்த்தால், இந்த வீட்டில் அப்படிப் பார்க்கப்படுவது நாய் ஒன்றுதான்.

புதிதாக ஒரு வித்தை கைவந்தால் நாலு பேரிடம் செய்துபார்க்காமல் இருக்க முடியுமா? பாத்திரம் கழுவ வருகிற மலையம்மாள் செப்புக்குடத்தைத் துலக்கிக் கவிழ்த்தாள். இரண்டு விநாடி தாண்டுவதற்குள் அன்னத்தாய் சொன்னாள்:

"மலையம்மா, கொடம் என்னமா மின்னுது! நல்லா வெளக்கியிருக்க."

மலையம்மாள் கையிலிருந்த தேங்காய் நார் கீழே விழுந்தது.

"என்னக்கா ஆச்சு? நா என்ன தப்புப் பண்ணேன்?"

"தப்பு இல்ல. நல்லாருக்குன்னு சொன்னேன்."

"பதினோரு வருசமா வெளக்குறேன். இன்னிக்கு மட்டும் என்ன புதுசா? வேற ஆளு பாத்துட்டீகளா?"

"அய்யோ, இல்லடி."

"அப்ப எங்கன ஒடுக்கு விழுந்திருக்கு, சொல்லிருங்க." குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சாயங்காலம் ஒரு கொத்து வேப்பிலையோடு வந்து, கேட்காமலே அன்னத்தாயின் தலையைச் சுற்றிப் போட்டாள். "காலையில களத்துல தனியாப் பேசிக்கிட்டு நிக்கிறீகளாமில்ல. காத்து கருப்பு எதாச்சும் அண்டியிருக்கும்."

விஞ்ஞானம் மனிதர்களிடம் எடுபடவில்லை. ஆனால் ஒருநாள் மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது, ரசத்தை ஒரு கரண்டி உள்ளங்கையில் ஊற்றி ருசி பார்த்துவிட்டு, "நல்லாருக்கு, அன்னம்," என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். சொன்னதும் வெட்கமாகப் போயிற்று. யாராவது கேட்டார்களா என்று பார்த்தாள். வாசற்படியில் படுத்திருந்த செவலை தன்னைத்தான் சொல்கிறாள் என்று வாலை ஆட்டியது. அவள் சிரித்தாள். பிறகு அடுப்புப் புகை என்று சொல்லிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். அடுப்பு அணைந்து அரைமணி ஆகியிருந்தது.

இந்த நேரத்தில்தான் 'மாபெரும் முதல் காட்சி' அறிவிக்கப்பட்டது. மலைமேல் ஒரு எஸ்டேட்டின் மேனேஜர் தலைமை தாங்க ஒப்புக்கொண்டார். வைகுண்டராஜ் ஒரு நன்றியுரை எழுதி, பீரோக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்க்கத் தொடங்கினார்.

"இந்தா அன்னம், இதக் கேட்டுச் சொல்லு."

கேட்டாள். மேனேஜருக்கு நன்றி. தம்பி பொன்னுராஜுக்கு நன்றி. செயலாளருக்கும் பொருளாளருக்கும் நன்றி. பலகை தந்த மரக்கடைக்கு, ஈரல் தந்த கறிக்கடைச் சுருளிக்கு, ஒலிபெருக்கிக்காரருக்கு, குழாயை உருட்டி வந்த சுமைக்காரர்களுக்கு. அங்கே நிறுத்தினார்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டாள். கேட்ட பிறகு, ஏன் கேட்டோம் என்று இருந்தது.

"இன்னும் ஒன்னு பாக்கி. அதுதான் முக்கியம். அத மேடையிலதான் சொல்லணும்." சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார்.

மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துத்தரச் சொல்லித்தான் பார்த்தார். எடுத்துக் கொடுத்தாள். ஆனாலும் அந்தப் பார்வையை அவள் எடுத்து வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து பத்து நாள், உலை வைக்கும்போதும் துணி உலர்த்தும்போதும் அதை எடுத்து எடுத்துப் பார்த்தாள். நாற்பத்தாறு வயதில் இது என்ன அற்பம் என்று தன்னையே வைதாள். ஒரு பெயர். நான்கே எழுத்தில் முடிந்துபோகிற காரியம். முழுப் பெயரையும் சொன்னாலும் ஆறு. அதை ஒலிபெருக்கியில் ஒருதரம் அவர் வாயால் கேட்டுவிட்டால், இருபத்தெட்டு வருஷத்தை அப்படியே மடித்து வைத்துவிடலாம்போல் இருந்தது. நைலக்ஸ் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து உதறினாள்.

காட்சி அன்று காலையில் வைகுண்டராஜ் மைதானத்தின் ஓரத்தில் ஏலக்காய்ச் சாக்குகளைத் தைத்து ஒரு திரை கட்டியிருந்தார்.

"நீ இதுக்குப் பின்னால நின்னுக்க. உறுப்பினர் அல்லாதவுக களத்துல நிக்கக் கூடாதுன்னு விதி. பெரிய மனுசரு வந்து உக்காந்திருக்கப்ப பொம்பள ஒருத்தி நாயக் கொஞ்சிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? கொரலு வந்தாப் போதும்."

"சரிங்க," என்றாள். அப்போது அவள் மனதில் அந்த 'முக்கியமான ஒன்று' இருந்தது.

நைலக்ஸ் சேலையோடு சாக்குக்குப் பின்னால் நின்றாள். சாக்கில் ஒரு கிழிசல் இருந்தது. அதன் வழியாக உலகம் தெரிந்தது. வைகுண்டராஜ் வெள்ளைச் சட்டையில் களத்தின் நடுவே நின்று கையை உயர்த்தினார். செவலை அவரைப் பார்க்கவே இல்லை. சாக்கைப் பார்த்தது.

"ஓடு, என் தங்கம்," என்றது சாக்கு.

செவலை பறந்தது. கட்டைகள், பலகை, குழாய். ஒவ்வொன்றுக்கும் பின்னால் இரண்டு விநாடிக்குள் சாக்கிலிருந்து ஒரு 'சபாஷ்', ஒரு 'என் ராசா', ஒரு 'அப்படித்தான்'. கல்தூண்களுக்கு நடுவே அது நெளிந்து வந்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மேனேஜர் ஜெபமணி சாரிடம் குனிந்து, "நாய்கிட்டப் பேசுறது யாரு?" என்று கேட்டார்.

"அது ஒரு ஏற்பாடு, சார்," என்றார் ஜெபமணி சார். "லண்டன் முறை."

வைகுண்டராஜுக்குக் கோப்பையும் பொன்னாடையும் வந்தன. நன்றியுரை ஆரம்பித்தது. மேனேஜர், பொன்னுராஜ், செயலாளர், பொருளாளர், மரக்கடை, சுருளி, ஒலிபெருக்கி, சுமைக்காரர்கள். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"கடைசியா, எல்லாத்தையும் விட முக்கியமா..."

அன்னத்தாய் முந்தானையைச் சரிசெய்தாள். வெளியே கூப்பிட்டால் எந்தப் பக்கமாக வருவது என்று பார்த்துக்கொண்டாள்.

"...மூணு நாளா மேகம் போட்டும், இன்னிக்கு ஒரு சொட்டுக்கூடப் பெய்யாம நமக்கு ஒத்துழைச்ச மழைக்கு என் மனமார்ந்த நன்றி!"

பலத்த கைதட்டல். தன் வேலையைச் செய்யாமல் இருந்ததற்காக மேடையில் நன்றி பெற்றது அந்த வட்டாரத்திலேயே மழை ஒன்றுதான்.

அன்னத்தாய் சாக்குக்குப் பின்னால் நின்று எண்ணினாள். ஒன்று. இரண்டு. அவ்வளவுதான். அதற்குப் பிறகு பாராட்டு வந்தால் எதற்காக வந்தது என்று மிருகத்துக்குத் தெரியாது, புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. மூச்சிரைக்கச் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்த செவலைக்கு, கையிலிருந்த கடைசி ஈரல் துண்டைக் கொடுத்தாள். அது அவள் கையை நக்கியது. அன்றைய நன்றியுரைகளில் சுருக்கமானது அது.

அன்று மாலை சாப்பிட்டுக் கை கழுவும்போது வைகுண்டராஜ், "இன்னிக்குப் பரவால்ல," என்றார்.

எது பரவாயில்லை? ஓட்டமா, குழம்பா, சாக்கா, மழையா? அவர் அகராதியில் அது மிக உயர்ந்த சொல் என்பது அவளுக்குத் தெரியும். வெகுநேரம் யோசித்தாள், கண்டுபிடிக்க முடியவில்லை. புத்தகம் எழுதினவர்கள் கெட்டிக்காரர்கள்தான் என்று நினைத்துக்கொண்டு கையலம்பிய இடத்தைத் துடைத்தாள்.

மூன்றாம் நாள் மேனேஜரிடமிருந்து கடிதம் வந்தது. அடுத்த மாதம் மதுரையில் பெரிய காட்சி. கழகம் அவசியம் வர வேண்டும். கழகம் காலையிலேயே களத்தில் கூடிவிட்டது. வைகுண்டராஜ் வெள்ளைச் சட்டையோடு நின்று, "பிரின்ஸ்!" என்றார். பிறகு, "செவலை!" என்றார். செவலை முதல் கட்டைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அடுக்களைக் கதவைப் பார்த்தது.

"அண்ணாச்சி, முழுத் துண்டாவே குடுத்துப் பாருங்க," என்றார் மொக்கைச்சாமி. நிலைமை அவ்வளவு மோசமாகியிருந்தது.

முழுத் துண்டுக்கும் அசையவில்லை. "வெயிலா இருக்கும்," என்றார் ஜெபமணி சார். வெயில் இன்னும் வரவே இல்லை.

வைகுண்டராஜ் அடுக்களைக் கதவுக்கு வந்தார். பின்னாலேயே கழகமும் வந்தது.

"இந்தா அன்னம், வெளிய வந்து ஒரு சத்தம் குடு. மதுரைக்கும் நீ வரணும். சாக்க அங்கனயும் கட்டிக்கலாம்."

அன்னத்தாய் அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். இல்லை. கோபம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நிதானம் உட்கார்ந்திருந்தது. வெளியே களத்தில் செவலை உட்கார்ந்திருக்கிற மாதிரி, நன்றாக, இடம் பார்த்து.

"நா வரலைங்க."

"ஏன், மேலுக்குச் சொகமில்லையா?"

"சொகந்தான்."

"கோவமா?"

"இல்லைங்க."

வைகுண்டராஜ் கொஞ்சம் யோசித்தார். "மதுரையில ஒரு பட்டுச் சேல எடுத்துக்கலாம்."

"அண்ணாச்சி, மொதல்லயே பட்டு சொல்லாதீக!" என்று பின்னாலிருந்து மொக்கைச்சாமி கிசுகிசுத்தார். "மார்க்கெட் ஏறிரும்!"

அன்னத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒன்னும் வேணாங்க," என்றாள்.

"பின்ன எதுக்குத்தான் மாட்டேங்குற? காரணத்தச் சொல்லு."

"அத நா என்னத்தச் சொல்ல? நீங்கதான் எழுதியே வச்சிருக்கீக." வெங்காயம் பிடித்த கையால் அவர் தோளுக்கு அந்தப் பக்கம் காட்டினாள்.

வைகுண்டராஜ் திரும்பினார். கழகமும் திரும்பியது. எதிரே கிட்டங்கிச் சுவர். முழ உயர எழுத்து. எழுதிவைத்த நாளுக்குப் பிறகு முதல் முறையாக அவர் அதை எழுத்துக் கூட்டி, உதட்டை அசைத்து, முணுமுணுவென்று வாசித்தார்.

"மிருகம் மறுத்தால்... குற்றம்... மிருகத்தினுடையது... அன்று. பயிற்று... நருடையது."

ஆதாரத்துக்காக ஜெபமணி சார் 'பக்கம் ஏழு, வரி மூன்று' என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார்.

"நல்லா வாசிச்சீக," என்றாள் அன்னத்தாய், இரண்டு விநாடி தாண்டுவதற்குள். எழுந்து வரவில்லை. அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.